நான் வாங்க மறுத்த சம்மதம்

1

நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. அதில் ஒரு விதி இப்படிச் சொல்கிறது: வியாபாரம், அரசியல், மதம் ஆகியவற்றின் பொருட்டு, அழைக்கப்படாமல் யாரும் யாருடைய கதவையும் தட்டக் கூடாது, மீறினால் முதலில் எச்சரிக்கை, பிறகு நிர்வாகக் குழு முன் விசாரணை. கனடாவில் வந்திறங்கிய வாரமே அந்தப் புத்தகத்தை முழுக்கப் படித்தேன். இந்தக் கட்டடத்தில் அதைப் படித்த ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். நிர்வாகக் குழுவினரும் படித்ததில்லை என்பது அவர்களோடு இரண்டு முறை கடிதப் போக்குவரத்து நடத்தியதில் தெரிந்தது.

விதி நல்ல விதி. ஆனால் என் விஷயத்தில் அது செல்லுபடியாகவில்லை. நான் யார் கதவையும் தட்டவில்லை. தட்டப்பட்டது என் கதவு.

தட்டியவர் வேலுச்சாமி. சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டியவர், பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுத்தவர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போகிற முருக பக்தர். இப்போது எங்கள் மாடியிலேயே, நடைகூடத்தின் அந்தக் கோடியில், மகன் செந்தில் வீட்டில் இருக்கிறார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் நடுவில் பதறக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இதில் ஒரு இருதய அறுவைச் சிகிச்சை வருகிறது, ஆள் பிழைத்துக்கொண்டார். இதில் நிச்சயமில்லாமல் கிடந்தது வேறொன்று.

2

எங்களை அறிமுகப்படுத்தி வைத்தது குப்பை. இந்த ஊரில் குப்பையைத் தரம் பிரிக்கிற அளவுக்கு நம் ஊரில் நூலைக்கூடப் பிரிப்பதில்லை. குப்பை அறையில் ஒரு பெரியவர் பால் அட்டைப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று தொட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். என் முகத்தைப் பார்த்ததும், ஒரு சந்தேகமும் இல்லாமல், "ஏனுங்க, இது எதுல போடறதுங்க?" என்றார். அந்த "ஏனுங்க"வைக் கேட்டு எத்தனை மாதம் ஆகியிருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து தினமும் பின்மதியம் இருவரும் நடைகூடத்தில் நடப்போம். வெளியே பனி; நடக்கிறேன் என்று போய் இடுப்பை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. கம்பளம் விரித்த நடைகூடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒவ்வொரு கதவிலிருந்தும் வரும் சமையல் வாசத்தைக் கொண்டு உள்ளே இருப்பவர்களின் தேசத்தைக் கண்டுபிடித்தபடி நடப்போம். பேச்சு பெரும்பாலும் சாப்பாடுதான். இங்கே விற்கிற வெண்ணெயை ஊத்துக்குளிக்காரன் மாட்டுக்கும் வைக்க மாட்டான் என்பார் அவர். நான் காங்கேயம் செக்கு எண்ணெயைப் பற்றிச் சொல்வேன். இரண்டு பேரும் மனைவியை இழந்தவர்கள். என் கிரேஸ் திருப்பூரிலேயே போய்விட்டாள்; அதன் பிறகுதான் மகள் எஸ்தர் என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். அவருடைய ருக்குமணி இங்கே வந்து இறந்தார். அதைப் பற்றி மட்டும் நாங்கள் பேசுவதில்லை.

நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவருக்கு நான் "ரிஜிஸ்டர் சார்". இந்த ஊரில் அந்தப் பதவியின் அர்த்தம் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். என் பேத்திக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா ஏதோ ஆபீஸில் இருந்தார் என்பது. அதையும் ஆங்கிலத்தில்தான் சொல்வாள்.

3

ருக்குமணி அம்மாளுக்கு முதல் திதி கொடுத்த மறுநாள்தான் வேலுச்சாமி என் கதவைத் தட்டினார். நடைக்கு நேரமாகவில்லை. உள்ளே வரச் சொன்னேன். காபி வேண்டாம் என்றார். நம் ஊர் வழக்கப்படி மூன்றாம் முறை கேட்டபின் குடித்தார். சுவரில் இருந்த கிரேஸின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"அன்னைக்கு உங்க பேத்திகிட்டச் சொன்னீங்களே, பாட்டிய மறுபடி பாப்பம்னு. கொழந்தைய ஏமாத்தறதுக்குச் சொன்னதுங்களா, நெசமாலுமே அப்படித்தானுங்களா?"

என்னிடம் நேராக இப்படி யாரும் கேட்டதில்லை. திருப்பூரில் நம் சபையில் இயேசுவைப் பற்றிப் பிறரிடம் சாட்சி சொல்கிறவர்கள் வேறு ஆட்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு கம்பெனிகளிலிருந்து வெளியே வருகிறவர்களிடம் கைப்பிரதி கொடுக்க ஒரு குழு போகும். வடக்கத்தித் தொழிலாளர்களுக்கென்று இந்தியிலும் அடித்து வைத்திருப்பார்கள். கிரேஸ் புதன்கிழமைகளில் சாயப்பட்டறைப் பக்கத்து லைன் வீடுகளுக்குப் போய், நோயாளிகளின் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வருவாள். எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்க மாட்டாள். நான் அரசாங்க மேசையில் உட்காருகிறவன் மதம் பேசலாகாது என்று ஒதுங்கி இருந்தேன். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது.

ஆனால் கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமலிருக்க எந்த விதியும் இல்லை. சொன்னேன். குழந்தையை ஏமாற்றச் சொன்னதில்லை, நிஜமாகவே நம்புகிறேன் என்றேன். கிரேஸ் நல்லவள், ஆனால் நல்லவள் என்பதால் அவளுக்கு அந்த இடம் கிடைத்தது என்று நான் நம்பவில்லை. இயேசு நமக்காகச் செத்தார், கல்லறைக்குள் போனவர் திரும்பி வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டவர்களைச் சாவால் வைத்துக்கொள்ள முடியாது. நம் தகுதியைக் காட்டி வாங்குகிற அனுமதி இல்லை அது. விண்ணப்பமே இல்லாமல் கொடுக்கப்படுவது. வாழ்நாள் முழுக்க விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியே பழகிய எனக்கு அதை நம்புவது சுலபமாக இருக்கவில்லை என்பதையும் சொன்னேன். கடைசி நாட்களில் கிரேஸ் பயப்படவில்லை. "நான் முன்னால போறேன், நீங்க மெதுவா வாங்க" என்றாள், ஏதோ சந்தைக்குக் கிளம்புகிறவள் மாதிரி.

வேலுச்சாமி குறுக்கே பேசாமல் கேட்டார். தறிச் சத்தத்துக்குள் வாழ்ந்தவர்கள் ஒன்று உரக்கப் பேசுவார்கள், இல்லை இப்படி உற்றுக் கேட்பார்கள். பிறகு, கைக்குட்டையை எடுத்து மடித்து மறுபடி வைத்துக்கொண்டு கேட்டார்.

"செரிங்க. நான் நம்பறேன்னே வெச்சுக்குவோம். எங்க ருக்கு உங்க சாமியப் பத்தி ஒண்ணுமே கேட்டதில்லீங்க. கிறிஸ்மஸுக்குக் கேக்குத் தின்னதோட செரி. நான் அங்க போயி, அவ அங்க இல்லீன்னா? அவ இல்லாத எடத்துல எனக்கு என்னுங்க வேல?"

சங்கடமான கேள்விகள் வந்தால் மேலிடத்துக்கு எழுதிக் கேட்பது என் பழக்கம். மேலிடத்திலிருந்து பதில் வருவதற்குள் கேட்டவர் ஓய்வு பெற்றுவிடுவார். இதையும் திருப்பூரில் உள்ள நம் போதகருக்கு எழுதிக் கேட்டேன். அவர் தொலைபேசியில் கூப்பிட்டு, இது தேவ இரகசியம் ஐயா, நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்றார். உத்தரவு எதுவும் போடாமல் கோப்பைத் திருப்பி அனுப்புவது என்று எங்கள் துறையில் இதைச் சொல்வோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், அவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். அந்த நேர்மையை மற்ற மேலிடங்களில் நான் கண்டதில்லை.

அடுத்து வேலுச்சாமி வீட்டுக்கு வந்தபோது அவரிடம் நானும் அதைத்தான் சொன்னேன். "எனக்குத் தெரியாதுங்க. ஆனா தீர்ப்புச் சொல்றவரைத் தெரியும். சிநேகிதன் செத்துட்டான்னு அவன் குழிகிட்ட நின்னு அழுதவருங்க அவரு."

"அழுதாருங்களா?" என்றார். சாமி அழும் என்பது அவருக்குப் புதிது போல. எழுந்துகொண்டு, "ரோசன பண்ணிச் சொல்றேனுங்க" என்றார்.

நம் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் பிடிக்கவில்லை என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? ரோசனை பண்ணிச் சொல்கிறோம் என்பார்கள். வந்தவர்களும் மிக்சரைத் தின்றுவிட்டுக் கிளம்பி வேறு இடம் பார்ப்பார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

4

கிறிஸ்மஸுக்கு முந்தைய வாரங்களில் அவருக்கு நெஞ்சில் அடைப்பு என்று கண்டுபிடித்து, பைபாஸ் செய்ய நாள் குறித்தார்கள். இந்த நாட்டில் மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் காலத்தில் நம் ஊரில் கோயிலே கட்டிவிடலாம். ஆனால் ஆபத்து என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டால் மின்னல் வேகம்.

அறுவைச் சிகிச்சை அன்று காலையில் செந்தில் கேட்டுக்கொண்டதால் நானும் கூடப் போனேன். அறுவைக்கு முன் நோயாளியோடு குடும்பத்தார் மட்டும்தான் இருக்கலாம் என்று நர்ஸ் தடுத்தாள். நான் விதி சரிதான் என்று ஒதுங்கினேன். வேலுச்சாமி படுக்கையிலிருந்தபடியே என்னைக் காட்டி, "பிரதர், பிரதர்" என்றார். நர்ஸ் ஒரு முறை திருநீறு பூசிய அவர் நெற்றியையும், ஒரு முறை என் கழுத்துச் சிலுவையையும் பார்த்தாள். பிறகு உள்ளே விட்டாள். செந்தில் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தான்.

வேலுச்சாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாரு, எனக்குப் பயமாயிருக்குதுங்க. நானும் உங்க சாமியக் கும்பிட்டுக்கறேன். என்ன சொல்லோணும், சொல்லிக் குடுங்க."

இந்த இடத்தில் எந்தக் கிறிஸ்தவனும் என்ன செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்ததையும் கேளுங்கள்.

சார்பதிவாளர் வேலையில் படுக்கையில் கிடப்பவர்களிடம் போய்க் கையெழுத்து வாங்குவது உண்டு. காங்கேயம் ரோட்டில் ஒரு வீட்டுக்கு அப்படிப் போனேன். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த பெரியவரின் கட்டைவிரலை மகன்கள் மையில் அழுத்தித் தயாராகப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் எழுதியிருப்பது தெரியுமா, சம்மதத்தோடுதான் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்தது பயந்த ஆட்டின் பார்வை. பதிய மாட்டேன் என்று திரும்பி வந்துவிட்டேன். பயத்தில் கொடுத்த சம்மதம் சம்மதமே அல்ல என்பது என் உத்தியோக வாழ்க்கையில் நான் நூறு சதவீதம் நம்பிய ஒரே விஷயம்.

அதனால் வேலுச்சாமியிடம் சொன்னேன். "இப்ப வேண்டாமுங்க. நல்லபடியா வாங்க. தெம்பா உக்காந்துட்டு, ரோசன பண்ணிச் சொல்லுங்க. பயத்துல சொன்னா நாளைக்கு உங்களுக்கே பாரமாயிருக்கும். நான் உங்களுக்காக வேண்டிக்கறேன்."

அவர் என்னைப் பார்த்தார். "அப்படீங்களா" என்றார். கையை விட்டார். செந்தில் வந்துவிட்டான், நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

5

காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி இருந்தது. மீன்களைப் பார்த்தபடி எஸ்தருக்குப் போன் செய்தேன். அவளுக்குக் கோயில் என்பது கிறிஸ்மஸ் அன்று புடவை கட்டிக்கொண்டு போகிற இடம், அவ்வளவுதான். வீட்டு ஜெபத்தையே தன் வேலை நேரத்தைச் சொல்லித் தள்ளிவிடுகிறவள். அவள் நியாயம் சொல்வாள் என்று எதிர்பார்த்து நடந்ததைச் சொன்னேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்பா, கெணத்துல விழுந்தவன் கைய நீட்டுனா, மொதல்ல கரைக்கு வா, அப்புறம் நிதானமா கேளுன்னா சொல்லுவீங்க?"

மகளுக்குச் சட்டம் தெரியாது, விதி தெரியாது. போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் சிலுவையில் இயேசுவுக்குப் பக்கத்தில் தொங்கிய அந்தக் கள்ளன் நினைவுக்கு வந்தான். எத்தனை பெரிய வெள்ளிக்கிழமைகளில் அவனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஞானஸ்நானம் இல்லாமல், வகுப்பு இல்லாமல், சபை அங்கத்தினர் சந்தா இல்லாமல் உள்ளே போனவன் என்று போதகர்கள் சொல்லும்போது தலையாட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் நான் யோசித்ததில்லை. அவன் கையில் ஆணி அடித்திருந்தார்கள். அதைவிடப் பெரிய நிர்ப்பந்தம் உலகத்தில் உண்டா? சுயநினைவோடு, மனப்பூர்வமாய், எவருடைய தூண்டுதலும் இன்றி என்று எழுதுவோமே, அதில் ஒரு வரியும் அவனுக்குப் பொருந்தாது. பயந்து போய்க் கேட்டான். பக்கத்தில் இருந்தவர் தெம்பாக இறங்கி வந்து கேள் என்று சொல்லவில்லை.

நான் சொல்லிவிட்டேன். உள்ளே நெஞ்சைப் பிளந்து வைத்திருக்கிறார்கள். அவர் எழுந்திருக்காவிட்டால்?

அன்று நான் செய்த ஜெபத்தை ஜெபம் என்று சொல்ல முடியாது. மனு என்று சொல்லலாம். வடிவம் சரியில்லாத, காரணம் காட்டாத மனு. தவறு என்னுடையது, அவர் கணக்கில் வைக்காதேயும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். மீன்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சாயங்காலம் டாக்டர் வந்து நன்றாக முடிந்தது என்று செந்திலிடம் சொன்னார். அவன் அழுதான். நான் முந்திரிக்கொட்டை போல முன்னால் அழுதுவிட்டேன்.

6

வீட்டுக்கு வந்தார். இருமினால் நெஞ்சில் அணைத்துக்கொள்ள ஒரு தலையணை கொடுத்திருந்தார்கள். அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு நடைகூடத்துக்கு வந்தார். முதலில் பாதி தூரம், பிறகு முழுத் தூரம். பேச்சு மறுபடியும் வெண்ணெய், எண்ணெய், பனியன் கம்பெனிகளில் ஆர்டர் குறைந்த கதை. மருத்துவமனைச் சாப்பாட்டை நன்றாகத் திட்டினார். அன்று காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நானாகக் கேட்டிருக்கலாமே என்று எஸ்தர் சொன்னாள். என்னவென்று கேட்பது? நீட்டிய கையைத் தட்டிவிட்டவன், எங்கே அந்தக் கையை மறுபடி நீட்டுங்கள் என்று கேட்பதா? என் பக்கம் பார்த்து அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ எழும்பும். அவர் முருங்கைக்கீரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்பார். என் வாழ்நாளில் ஒரு மனிதர் ஒரே ஒரு முறை இரட்சிப்பின் வழியைக் கேட்டார், அவரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

இந்த வருடம் தைப்பூசம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. செந்தில் அவரை இங்குள்ள முருகன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனான். நான் ஆராதனைக்குப் போய்விட்டு வந்து, லிப்ட் பக்கத்தில் அவர்களைப் பார்த்தேன். வேட்டி, மேலே பெரிய பனிக்கோட்டு, நெற்றி நிறையத் திருநீறு. நல்ல தரிசனமா என்று கேட்டேன். "நல்ல தரிசனமுங்க" என்றார். சரி, அவர் தன் முருகன் வீட்டுக்கே திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். வருத்தம் இருந்தது, ஆனால் அவர்மீது இல்லை.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

வந்து உட்கார்ந்தார். தலையணை கொண்டுவரவில்லை. காபியை முதல் முறை கேட்டதுமே வாங்கிக்கொண்டார்.

"ரோசன பண்ணிச் சொல்றேன்னு சொல்லீருந்தனுங்களே," என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அன்னைக்கு ஆசுபத்திரியில நீங்க வேண்டாம்னுட்டு வெளிய போயிட்டீங்க. செந்திலு டாக்டருகிட்டப் பேசீட்டிருந்தான். நானே உங்க சாமிகிட்டப் பேசிட்டனுங்க. என்ன சொல்லோணும்னு தெரியில. 'நானு வேலுச்சாமி, சாமளாபுரம். உன்னப் பத்தி ரிஜிஸ்டர் சாரு சொன்னாரு. என்னயப் புடிச்சுக்க'ன்னேன். அவரு தெம்பா வான்னு சொல்லலீங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. அப்படியென்றால் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உங்களுக்காக நான் பட்ட பாடு தெரியுமா என்றும் கேட்டேன்.

"அதுக்கில்லீங்க. முருகன்கிட்டச் சொல்லோணுமில்லீங்களா? எங்கப்பன் காலத்துல இருந்து எங்களுக்குச் சோறு போட்டவரு. தறி ஓடுனதும் அவரால, புள்ள படிச்சதும் அவராலன்னு கும்பிட்டுட்டு இருந்தவன். ஒரு ஊட்டுல உண்டுபோட்டு சொல்லாம கொள்ளாம எந்திரிச்சு வருவமுங்களா? பூசத்தன்னைக்குப் போயி நேருல சொல்லீட்டு வரலாமுன்னு இருந்தேன். நேத்து போயி நின்னு, இன்ன மாதிரின்னு சொல்லீட்டேன். சண்டையொண்ணும் இல்லீங்க. கும்பிட்டுட்டு வந்தேன்."

"ருக்குமணி அம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது.

"அவளப் பத்தியும் உங்க சாமிகிட்டக் கேட்டேன். தெனமும் கேக்கறேன். பதிலொண்ணும் வர்லீங்க." காபியின் கடைசி வாயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ஆனா கேக்கக் கேக்க ஒண்ணு தெரியுதுங்க. நான் அவமேல வெச்சிருக்கற பாசத்தவிட அவரு கொறச்சலா வெச்சிருக்க மாட்டாரு. அவள அவருகிட்ட உட்டுட்டேனுங்க. எனக்கு இப்பப் பயமில்லீங்க."

அவர் எதிரில் உட்கார்ந்து, கிரேஸ் செய்வதைப் போல, முதல் முறையாக வேறொருவர் தலையில் கை வைத்து ஜெபித்தேன். நீளமாக ஒன்றுமில்லை. ஆமென் என்று அவர் சொன்னது என்னுடையதைவிடச் சத்தமாக இருந்தது; தறிக்காரர் அல்லவா.

ஞானஸ்நானத்துக்கு இங்குள்ள போதகர் சில வகுப்புகள் வேண்டும் என்கிறார். அதற்கொரு நடைமுறை இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பனி மூடிய மருத்துவமனையில், நான் வெளியே வந்தபின், எனக்குத் தெரியாமலே முடிந்துவிட்ட அந்தக் காரியத்தைப் பற்றிய பதில் எனக்கு வந்து சேர்ந்த நாள் பிப்ரவரி இரண்டு, திங்கட்கிழமை.